கூடத்துக் கடல்பஞ்சு

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மகள் ஜலீலா வீட்டுக்கு மெத்தையும் கையுமாக வந்த ஹாஜ் துஹாமி, ஏழு மாதமாக அங்கேதான் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல், மதியம் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் தட்டின் அடி தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம போயிருவேன்" என்பார். நாற்பது வருஷக் கடல் அவருடைய இடது காதைத் தின்றுவிட்டதால், அவர் மெதுவாகச் சொல்வதே தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கும். "போகலாம் பாபா, மொதல்ல இந்தப் பூசணிக்காயச் சாப்பிடுங்க" என்பாள் ஜலீலா. மருமகன் லம்ஜத் ஒன்றும் சொல்லமாட்டான். போங்கள் என்றும் சொன்னதில்லை, இருங்கள் என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது சொல்லுக்காகத்தான் ஜலீலா ஏழு மாதமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

போவதென்றால் எங்கே போவார்? மகன் முன்ஜி வீட்டுக்குத்தான். அங்கே வண்டி நிறுத்துகிற அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். முன்ஜியின் பெண்டாட்டி ஒருநாள், "எங்க மாமாமேல எத்தன சோப்புப் போட்டாலும் கடல் நாத்தம் போகல" என்று யாரிடமோ போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சொன்னதுதான் சொன்னாள், நல்ல காது இருக்கிற பக்கமாக நின்றா சொல்லவேண்டும்? அன்றைக்கே மெத்தையைச் சுருட்டிவிட்டார்.

லம்ஜத்துக்கு ஜெர்பா தீவு ஹோட்டல்களில் குளிர்பதன இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. விடியற்காலையில் பிக்கப் வண்டியில் கிளம்பினால், கடலுக்குக் குறுக்கே போட்ட சாலையைத் தாண்டிப் போய், பொழுது சாயத்தான் எங்கள் ஊரான ஜர்ஜிஸுக்குத் திரும்புவான். வெள்ளிக்கிழமை அரைநாள், ஞாயிறு முழுநாள் விடுப்பு. பேச்சு மிகவும் குறைவு. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் நான் ஒரு மேலங்கியே தைத்துவிடுவேன் என்று ஜலீலா சொல்லுவாள். அவள் தையல்காரி. ஆவணி பிறந்தால் ஊரிலுள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் நீலமும் ரோஸுமாக மேலங்கி தைத்துத் தள்ளவேண்டும்.

அவனுக்கென்று இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கடல்நீர்த் தொட்டி. ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இருந்தது. பாசி பிடித்து நாறுகிறது, தூக்கிக் குப்பையில் போடு என்று மேலாளர் சொன்னதை, நாலு ஆளை வைத்துத் தூக்கி வந்து கூடத்தில், விருந்தாளிகளுக்கென்று ஜலீலா சோபா வாங்கிப்போட நினைத்திருந்த இடத்தில், வைத்துவிட்டான். அவள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தையல் மெஷினைத் தொட்டிக்கு எதிரே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அவற்றுக்கு மணப்பெண், மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் அவள்தான். ஒரு சிவப்பு இறால். விரல் விரலாக ஆடிக்கொண்டிருக்கும் பச்சைப் பவளம் ஒன்று. பழைய குளிர்பெட்டியின் உறுப்புகளைக் கோத்துத் தண்ணீர் சூடாகாமல் இருக்க லம்ஜத் ஒரு கருவி செய்து வைத்திருந்தான். அது இரவும் பகலும் உறுமும்.

அந்தத் தொட்டியில்தான், பவளத்துக்குப் பின்னால் இருந்த பாறையில், வைகாசி வாக்கில் ஆலிவ் கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஏதோ முளைத்தது. ஆவணியில் அது ஒரு கைமுட்டி அளவுக்கு வந்து, பவளத்தின்மேல் சாயத் தொடங்கிவிட்டது. முதலில் கண்டுபிடித்தவர் ஹாஜ்தான்.

"அடியே ஜலீலா! இங்க ஓடி வா. நஷ்ஷாஃப் மொளச்சிருக்குடி!"

"எங்க பாபா?"

"எங்கயா? உன் கூடத்துல! நடுக்கடல்ல நாள் பூரா தலையத் தண்ணிக்குள்ள விட்டுத் தேடுவோம். இங்க சோபா போடற எடத்துல வந்து ஒக்காந்திருக்கு பாரு, வெக்கமில்லாம."

கடல்பஞ்சுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் நஷ்ஷாஃப் என்று பேர். ஈரத்தை உறிஞ்சி உலர்த்துவது என்று அர்த்தம். மேலே வந்து, மிதிபட்டு, வெளுத்து, உடம்பு தேய்க்கிற பஞ்சாகக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவதற்கு வைத்த பேர் அது. தண்ணீருக்கு அடியில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது அதை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தோன்றியதில்லை. நாற்பது வருஷம் படகில் போய் அதை வெட்டி எடுத்து விற்ற ஹாஜும் அந்தப் பேரைத்தான் சொன்னார்.

லம்ஜத்துக்கு அது எப்படி வந்தது என்று புரியவில்லை. படகுக்காரர்கள் கொண்டுவந்து தரும் கடல்தண்ணீரோடு வந்திருக்கலாம், பாறையின் இடுக்கில் ஒளிந்திருந்திருக்கலாம். சூஸ் நகரத்தில் இதேபோலத் தொட்டி வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் செய்து கேட்டான். புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று ஜலீலாவிடம் சொன்னான்.

"அதால ஒண்ணும் கெடுதல் இல்லையாம். தண்ணி நல்லா இருந்தாத்தான் வருமாம். பவளத்துமேல ஏறாம ஞாயித்துக்கெழம தண்ணிக்குள்ள வெச்சே ஓரத்த வெட்டி உறிஞ்சி எடுத்துருவேன். ஆனா ஒண்ணு, காத்துல மட்டும் காட்டக்கூடாது. உள்ள காத்துப் புகுந்தா அழுகிரும். தொட்டியே நாசமாயிரும்."

ஹாஜ் பக்கத்திலேயே திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது காது அவர்கள் பக்கம் இருந்தது.

மறுநாள் ஜலீலா பொத்தான் வாங்க சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூடமெல்லாம் தண்ணீர். நடுவில் துணி துவைக்கும் பேசின். ஹாஜ் வேட்டியைப்போல ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நனைந்த கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"முடிஞ்சுது" என்றார்.

"என்ன முடிஞ்சுது பாபா?"

"மாப்ள பாவம், எப்பப் பாரு வேல வேலன்னு கெடக்கறான். ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருந்தா பவளத்த அமுக்கிரும். பாறையோட வெளிய எடுத்து இதுல வெச்சேன். பாதிய வெட்டினேன். பால் வந்துச்சு பாரு, அசல் பால், நம்ம கடல்ல வர்ற மாதிரியே! நல்லா ஒதறிப் பிழிஞ்சேன். அடிய மட்டும் பாறையோட திரும்பத் தொட்டிக்குள்ள வெச்சுட்டேன். அடிய விட்டு வெட்டணும், அதான் மொற. மறுவருசம் திரும்ப வளரும். எங்க படகுல அடியோட பிடுங்கறவன கூடச் சேத்துக்கமாட்டோம்."

"எவ்ளோ நேரம் வெளிய இருந்துச்சு?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். குடிச்சுட்டே செஞ்சேன்."

ஜலீலா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். லம்ஜத்துக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். போனைக் கையிலும் எடுத்தாள். ஆனால் அவள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக இந்த வீட்டில் எந்தப் பொருளைத் தொட்டாலும் "இத எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டவர், இன்றைக்குத் தன் வீட்டுப் பேசினைப்போல அதை எடுத்துக் குளியலறையில் கவிழ்த்துவிட்டு, பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டு தரையைத் துடைத்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றும் ஆகாது, அல்லாஹ் காப்பாற்றுவான் என்று சொல்லிக்கொண்டு பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் லம்ஜத் ஹோட்டலிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. குளிர் அறை ஒன்று படுத்துவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பாலைவனத்திலிருந்து ஷஹீலி காற்று கிளம்பியது. ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகிவிட்டு, ஜலீலா கூஸ்கூஸுக்கு வெங்காயம் வதக்கினாள். வெங்காய வாசனையையும் மீறி ஒரு நாற்றம் வந்தது. முதலில் பிடித்தது ஹாஜின் மூக்குதான்.

"படகுத் தட்டுல மூணாம்நாள் அடிக்கிற நாத்தம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். தொட்டியருகே போனார்.

தண்ணீர் மோர் கலந்த மாதிரி கலங்கியிருந்தது. பவளம் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. இறால் மல்லாந்து கிடந்தது. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜலீலா அடுப்பை அணைத்தாள். இப்போது போன் செய்தாள். சாலையில்தான் இருக்கிறேன், வருகிறேன் என்றான் லம்ஜத்.

வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தோள்வரை கையை விட்டுப் பாறையைத் தூக்கினான். மிச்சம் வைத்திருந்த அடி வெள்ளையாக வெந்துபோய், கொழகொழவென்று அவன் விரலோடு வந்தது.

"இத வெளிய எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் ஜலீலா.

லம்ஜத் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீயா? அந்தத் தண்ணில நீ வெரலக்கூட விடமாட்டியே."

"அவ இல்ல, நான்" என்றார் ஹாஜ், அவளைத் தாண்டி முன்னால் வந்து. "நான்தான் எடுத்தேன் மாப்ள. அடிய விட்டுத்தான் வெட்டினேன். மொறப்படி வெட்டினேன்."

"காத்துப் பட்டா செத்துரும் ஹாஜ்."

"காத்துப் பட்டா சாகுமா? யார்கிட்டச் சொல்ற? நாப்பது வருசம் காத்துலதானடா எடுத்துப் போட்டேன். ஆயிரக்கணக்கா எடுத்துருக்கேன். அதுல ஒண்ணுகூட..."

அங்கேயே நின்றுவிட்டார். மேற்கொண்டு போக அந்த வாக்கியத்துக்கு வழி இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடில விட்டது பொழச்சுக்கும், அது தண்ணிலயே இருக்கும்" என்றார். "மேல வந்ததெல்லாம்... மேல வந்ததெல்லாம் செத்துத்தான் போயிருக்கு."

அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் ஜலீலா கேட்டாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. மொட்டைமாடி நிழலில் ஒரு பீப்பாய் சுத்தமான கடல்தண்ணீர் மிச்சமிருந்தது. அதை எதில் ஊற்றுவது என்று லம்ஜத் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அந்தப் பெரிய பானையக் குடு."

"அது கூஸ்கூஸ் பானை!"

"மீன் போடத்தான கேக்கறேன்."

"வேகற மீனு வேற, நீஞ்சற மீனு வேறடா மனுசா!" என்று சொல்லிக்கொண்டே, தனியாக எடுத்து வைத்திருந்த புதுப் பானையை, அவளுடைய கல்யாணச் சீரில் வந்து இன்னும் அடுப்பேறாத பானையை, இறக்கிக் கொடுத்தாள். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் ஏறின. பவளம் மாவு பிசையும் தாம்பாளத்துக்குப் போனது. லம்ஜத் பிக்கப்பில் கேன்களை அடுக்கிக்கொண்டு, கலங்கரை விளக்கம் தாண்டி நல்ல தண்ணீர் மொள்ளப் போனான். மூன்று நடை. ஷஹீலியில் உதடு வெடித்து, கண்ணெல்லாம் மணலாக, ஒவ்வொரு கேனாக ஜலீலாவும் அவனும் தூக்கினார்கள். ஹாஜ் ஒரு கேனைப் பிடிக்க வந்தார்.

"நீங்க ஒக்காருங்க ஹாஜ்" என்றான் லம்ஜத்.

கோபமாகச் சொல்லவில்லை. வயசான மனுஷன், வெயிலில் விழுந்துவிடக்கூடாது என்றுதான் சொன்னான். ஆனால் திட்டியிருந்தால்கூட ஹாஜுக்கு அவ்வளவு வலித்திருக்காது. போய் உட்கார்ந்துவிட்டார். அன்று கூஸ்கூஸ் இல்லை. பொழுது சாய ரொட்டியை ஹரீஸா மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விடுவேன் என்று ஹாஜ் சொல்லவில்லை. சொல்லாததுதான் ஜலீலாவுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவர் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். "முன்ஜிக்குப் போன் பண்ணிட்டேன். காலைல வண்டியோட வர்றான்" என்றார். ஜலீலா சமையலறைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு அழுதாள். லம்ஜத் பின்னாலேயே வந்தான்.

"எதுக்கு அழற? மீன் ரெண்டும் பொழச்சிருச்சு. பவளமும் பாதி தேறிரும்."

"உன் மீனு எக்கேடோ கெட்டுப் போகட்டும்! எங்க அப்பா போறாரு. வண்டி நிறுத்தற அறைக்குப் போறாரு. ஏழு மாசமா 'இருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு நாக்கு வளையலயே. நானும் உன்கிட்ட எதாவது சொன்னேனா? வியாழக்கெழமயே உனக்குப் போன் பண்ணிருந்தா இவ்வளவு ஆயிருக்காது. அவரு சிரிச்சாருன்னு விட்டுட்டேன், தெரியுமா? ஏழு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சாரு."

லம்ஜத் அவளை விழித்துப் பார்த்தான்.

"இருங்கன்னு ஏன் சொல்லணும்?"

"என்னது?"

"விருந்தாளியத்தான இருங்கம்போம்? ரெண்டு நாள் இருங்க, சாப்பிட்டுப் போங்கன்னு. வீட்டு மனுசங்ககிட்ட யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? நீ என்கிட்டச் சொல்லிருக்கியா, லம்ஜத் இருன்னு?"

ஜலீலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கையிலிருந்த ஈரக் கரண்டியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். "அடப் பாவி. இத உன் மனசுக்குள்ளயே வெச்சிருந்தா அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குச் சத்தமாச் சொன்னாலே பாதிதான் கேக்கும்."

அவன் தாடையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று திரும்பி, கடலிலிருந்து ஈரமாக வந்தது. ஹாஜ் தலையில் சிவப்புக் குல்லாவும் கக்கத்தில் மெத்தையுமாக வாசலில் நின்றார். லம்ஜத் பிக்கப்பிலிருந்து ஒரு பெரிய கேனை இறக்கி, நல்ல காது இருக்கிற பக்கமாக வந்து நின்றான்.

"ஹாஜ், மெத்தையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கறீங்களே? இந்தக் கேன ஒரு கை பிடிங்க."

"முன்ஜி வந்துருவான் மாப்ள."

"வரட்டும், அவனுக்கும் ஒரு கேன் இருக்கு. இனி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தண்ணி மாத்தணும். என் ஒருத்தனால ஆகாது. ஜலீலாவுக்குத் தையல் இருக்கு. நீங்க ஒரு பக்கம் பிடிக்கலன்னா தொட்டிய மூட வேண்டியதுதான்."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயுமா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும்."

ஹாஜ் மெத்தையைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கேனைப் பிடித்தார். ஜலீலா மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முன்ஜி வந்தான். நாலு கேன் தூக்கினான், இரண்டு டீ குடித்தான், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து கிளம்பிப் போனான். மெத்தையின் கயிற்றை ஜலீலா கத்தரிக்கோலால் வெட்டினாள். அவிழ்க்கவே இல்லை, வெட்டினாள்.

பள்ளிக்கூடம் திறந்து, மேலங்கிகள் எல்லாம் போய்ச் சேர்ந்து, ஊரில் ஆலிவ் பறிக்க ஏணிகளை எடுத்துத் தட்டத் தொடங்கிய ஐப்பசி மாதத்தில், ஜலீலா தொட்டியின் பின்பக்கத்தைத் துடைக்கப் போனாள். மோட்டார் குழாய்க்குக் கீழே, ஒதுக்குப்புறமான மூலையில், கறுப்பாக, ஆலிவ் கொட்டை அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. துடைப்பதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. போன தடவை நடந்தது போதும். ஜன்னல் வெயில் அங்கே அடிக்கிறதே என்று, மிஞ்சின நீலத் துணியில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, லம்ஜத் ஜெர்பாவில் இருந்த நேரம், ஹாஜ் அவளருகே வந்து குனிந்து ரகசியம் சொன்னார். அந்த ரகசியத்தை மாவு மில்லில் நின்றவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

"பின்னாடி வந்திருக்குடி. மாப்ளகிட்டச் சொல்லிராத."

"என்ன வந்திருக்கு பாபா?"

ஹாஜ் வாயைத் திறந்தார். நஷ்ஷாஃப் என்று சொல்ல வந்த வாய் பாதியில் நின்றது. வேறு பேர் தேடினார். நாற்பது வருஷத்தில் கிடைக்காதது உடனே கிடைத்துவிடுமா?

"அதாண்டி... அந்த ஈரமானது" என்றார். "பவளம் பவளம்னு வெட்ட வந்துருவான். சின்னது, அது பாட்டுக்கு ஒக்காந்துட்டுப் போகட்டும்."

மதியம் லம்ஜத் வந்தான். கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினான்.

"கொழாய்க்குக் கீழ ஒண்ணு மொளச்சிருக்கு. ஹாஜ் கண்ணுல பட்டுறப்போகுது. பட்டா மனுசன் பழசெல்லாம் நெனச்சு வருத்தப்படுவாரு. நீ ஒண்ணும் சொல்லாத. ஆமா, அந்த நீலத் துணிய யாரு மாட்டினது?"

"வெயில் அடிச்சுது, மாட்டினேன்" என்றாள் ஜலீலா, கூஸ்கூஸ் ஆவிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பூசணி, கொண்டைக்கடலை, நடுவில் ஒரு பெரிய மீன் துண்டு. தட்டின் அடி தெரிய ஆரம்பித்ததும் ஹாஜ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம..." என்றார்.

ஜலீலா சட்டென்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். லம்ஜத்தின் கரண்டியும் பாதி வழியில் நின்றது.

"ஞாயித்துக்கெழம தண்ணி மாத்தறப்போ நீ முன்பக்கம் பாத்துக்க மாப்ள. பின்பக்கம் நீ வரவேணாம், நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஏன் ஹாஜ் அந்த இடுக்குல போய்க் கஷ்டப்படணும்?" என்றான் லம்ஜத் அவசரமாக. "நீங்க முன்பக்கம் நில்லுங்க. பின்பக்கம் நான் பாத்துக்கறேன்."

"வேணாங்கறேன்ல?"

"நானும் வேணாங்கறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள். ஜலீலாவுக்குக் கூஸ்கூஸ் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அவள் தலையில் தட்ட, பூசணித் துண்டை அப்பாவின் பக்கமாகத் தள்ளிவிட்டு, "பின்பக்கம் எப்பவும் நான்தான் தொடைக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேசாம முன்னாடி நில்லுங்க" என்றாள்.